மேட்ரன் அம்மா மேற்கொண்ட சாகசப் பயணம்

மனிதகுலம் முதலில் நெருப்பைக் கண்டுபிடித்தது. அப்புறம் சக்கரத்தைக் கண்டுபிடித்தது. அதன்பின் சில ஆயிரம் ஆண்டுகள் சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் செய்யாமல் பொழுதைப் போக்கிவிட்டு, அத்தனை கால சோம்பலுக்கும் பிராயச்சித்தமாக, மூத்த குடிமக்களுக்கான ஒருநாள் உள்ளூர் சாகசச் சுற்றுலாவைக் கண்டுபிடித்தது.

இந்த மூன்றாவது கண்டுபிடிப்பின் பெருமை முழுவதும் 'வெள்ளிச் சிறகு' நிறுவனத்தையே சேரும். பெயரில்தான் வெள்ளி, பறப்பது சனிக்கிழமைகளில். அறுபத்தைந்து வயது நிரம்பாதவர்களை அவர்கள் வண்டியில் ஏற்றுவதே இல்லை. 'கூட்டம் கூடும் இடங்களுக்கு எல்லோரும்தான் போகிறார்கள். நாங்கள் உங்களை யாரும் போகாத இடங்களுக்கு அழைத்துச் செல்வோம்' என்பது நிறுவனத்தின் தாரக மந்திரம். அந்த இடங்களுக்கு ஏன் யாரும் போகவில்லை என்று கேட்பது சாகச உணர்வுக்கே விரோதமானது.

மேட்ரன் அம்மாவுக்கு அந்தப் பயணச்சீட்டு அறுபத்தொன்பதாவது பிறந்தநாள் பரிசாக வந்து சேர்ந்தது. பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் முப்பத்துநாலு வருடம் நர்ஸாக வேலை பார்த்து, கடைசி ஒன்பது வருடம் மேட்ரனாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் செருப்புச் சத்தம் வராந்தாவில் கேட்டாலே பெரிய டாக்டர்கள்கூட வாயில் இருக்கும் சிகரெட்டை எங்கே ஒளிப்பது என்று தவிப்பார்கள். பரிசை அனுப்பியவன் ஒரே மகன். ஏழு கிலோமீட்டர் தள்ளி, பதினோராவது மாடியில் புது வீடு வாங்கிக் குடிபோய் எட்டு மாதம் ஆகியிருந்தது. அம்மா அந்த வீட்டை இன்னும் பார்த்ததில்லை. 'உனக்குன்னு ஒரு ரூம் ரெடி பண்ணிட்டிருக்கேம்மா. ரெடியானதும் நானே வந்து கூட்டிட்டுப் போறேன்' என்று மாதம் ஒருமுறை அவன் சொல்வான். மாதம் தவறாமல் சொல்கிற பிள்ளையைக் குறை சொல்ல யாருக்கு மனசு வரும்?

பிறந்தநாள் அன்று போன் வந்தது.

"அம்மா, வாழ்க்கையை அனுபவிம்மா. எத்தனை நாளைக்குத்தான் வீட்டுக்குள்ளயே அடைஞ்சு கிடப்ப?"

"உன் வீட்டுக்கு ஒரு எட்டு வந்துட்டுப் போறேன்டா. அதுவும் அனுபவம்தானே?"

"வருவம்மா, வருவ. ரூம் மட்டும் ரெடியாகட்டும். முதல்ல இந்த டிரிப் போயிட்டு வா. செம ரிஸ்க்கா இருக்குமாம்."

அம்மாவுக்கு ஆபத்தைப் பரிசளிக்கும் அளவுக்கு மகன்கள் வளர்ந்துவிட்ட காலம் இது. மேட்ரன் அம்மா கான்வாஸ் ஷூ ஒரு ஜோடி வாங்கிக்கொண்டார்.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு நிறுவன அலுவலகத்தில் 'பாதுகாப்பு விளக்கக் கூட்டம்' நடைபெற்றது. இயக்குநருக்கு முப்பத்தோரு வயது. அவருக்கு எதிரே ஆறு பேர்: மேட்ரன் அம்மா, வானிலை அலுவலகத்தில் இருந்து ஓய்வு பெற்ற வானிலைக்காரர், ஒரு கணக்கு வாத்தியார், தபால்காரரும் அவர் மனைவியும், ஒரு பழைய லிஃப்ட் ஆபரேட்டர். ஆறு பேரின் மொத்த வயது நானூற்று முப்பத்தொன்று என்று கணக்கு வாத்தியார் உட்கார்ந்த இடத்திலேயே கூட்டிச் சொன்னார்.

"வயசு வெறும் நம்பர்தான் இளைஞர்களே!" என்றார் இயக்குநர்.

"நம்பரை 'வெறும்'னு சொல்லாதீங்க தம்பி" என்றார் வாத்தியார்.

அதன்பின் படிவங்கள் விநியோகிக்கப்பட்டன. வழுக்கினால், விழுந்தால், மயங்கினால், தொலைந்தால், மற்றும் 'மேற்கூறியவை அனைத்தும் ஒருங்கே நிகழ்ந்தால்' நிறுவனம் பொறுப்பல்ல என்று ஆறு பேரும் மகிழ்ச்சியுடன் கையெழுத்திட்டார்கள். பயணத் திட்டம் மூன்று கட்டங்களைக் கொண்டது. காலை, இருண்ட சுரங்கத்தின் மர்மம். நண்பகல், மறைந்திருக்கும் அருவி. பிற்பகல், எதிர்பாராத அனுபவம்.

"அந்த மூணாவது என்னங்க?" என்று லிஃப்ட் ஆபரேட்டர் கேட்டார்.

"சொன்னா எப்படிங்கய்யா எதிர்பாராததா இருக்கும்?" என்றார் இயக்குநர். அவருக்கே அது இன்னும் தெரியாது என்பது அவர் முகத்தில் தெரிந்தது.

வேன் கிளம்பியது. கூடவே வழிகாட்டியாக ஓர் இளம்பெண் வந்தாள். அவளுக்கு வழி தெரியாது, ஆனால் காட்டுவாள். அவளுடைய மெய்யான பணி வேறு. அரை மணிக்கு ஒருமுறை ஒவ்வொருவரையும் சிரிக்கச் சொல்லிப் படமெடுத்து, சீட்டு வாங்கித் தந்த பிள்ளைகளின் போனுக்கு அனுப்ப வேண்டும். 'மகிழ்ச்சி அறிக்கை' என்று அதற்குப் பெயர். அறிக்கை தவறினால் அவள் சம்பளத்தில் கை வைப்பார்கள்.

இருண்ட சுரங்கம் உண்மையிலேயே இருண்டிருந்தது. அந்தக் காலத்தில் ரயில் போன சுரங்கம். இப்போது வாயை இரும்புத் தகடு வைத்து அடைத்துவிட்டார்கள். ஆறு பேரும் தகட்டின் எதிரே நின்று மர்மத்தை ரசித்தார்கள்.

"உள்ளே என்னம்மா இருக்கு?" என்று தபால்காரர் மனைவி கேட்டார்.

"அதான் மர்மம் ஆன்ட்டி. சிரிங்க!"

படம் போனது. மேட்ரன் அம்மா தன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆயுள் முழுக்க நாடி பிடித்து எண்ணியவருக்கு வினாடிகள் தாமாகவே மனதில் ஓடும். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. மகனிடமிருந்து 'சூப்பர்' என்னும் கட்டைவிரல் படம் வந்துவிட்டது.

"நாலு செகண்டா?" என்றார் அவர். "கண்ணாடியை எடுத்து மாட்டவே எனக்கு அவ்வளவு நேரம் ஆகும். படத்தைப் பார்த்தானா, இல்ல வந்த உடனே அமுக்கினானா?"

"என் பொண்ணு ரெண்டு செகண்ட்ல அமுக்கிட்டா" என்றார் வானிலைக்காரர், பெருமையா வருத்தமா என்று கணிக்க முடியாத குரலில். கணிப்பு அவருக்குப் பணிக்காலத்திலும் வந்ததில்லை.

மறைந்திருக்கும் அருவிக்குப் பதினொன்றரைக்குப் போய்ச் சேர்ந்தார்கள். பாறை, பாசி, மேலே இருந்து வெள்ளியாய் விழும் தண்ணீர், எல்லாம் இருந்தது. முக்கால் மணி நேரம் நீரின் இசையைக் கேட்டபடி உட்கார்ந்தார்கள். பிறகுதான் வாத்தியார் மேலே ஏறிப் பார்த்துவிட்டு வந்து, அது ஒரு பழைய நீர்த்தேக்கத் தொட்டி என்றும், விரிசல் விட்டிருக்கிறது என்றும் சபைக்குத் தெரிவித்தார்.

"விரிசல்னா என்ன, அருவி அருவிதான்" என்றாள் வழிகாட்டி. தத்துவம் சரிதான். ஆனால் முக்கால் மணி நேரம் நீர் சொட்டுகிற சத்தத்தைக் கேட்ட அறுபத்தைந்து வயதுக்கு மேற்பட்ட ஆறு உடம்புகளுக்கு என்ன நேரும் என்பதை எந்தப் படிவத்திலும் யாரும் எழுதி வைக்கவில்லை.

முதலில் லிஃப்ட் ஆபரேட்டர்தான் வழிகாட்டியைத் தனியே அழைத்தார்.

"ஏம்மா, இங்க... அந்த... இடம் எங்க இருக்கு?"

"எந்த இடம் அங்கிள்?"

"போற இடம்."

அவள் நாலு பக்கமும் பார்த்தாள். யாரும் போகாத இடம் என்று விளம்பரம் செய்தவர்கள், போவதற்கு இடம் வைக்க மறந்துவிட்டார்கள்.

வேன் அவசரமாகக் கிளம்பியது. முதல் பெட்ரோல் பங்கில் கழிவறைக்குப் பூட்டு. சாவி வைத்திருப்பவர் சாப்பிடப் போயிருந்தார். இரண்டாவது இடத்தில் கதவே இல்லை. பொதுக் கழிப்பிடம் ஒன்றைச் சுற்றிச் சாரம் கட்டி, 'மூத்த குடிமக்களின் வசதிக்காகப் புதுப்பிக்கப்படுகிறது' என்று பலகை வைத்திருந்தார்கள். வேன் ஒவ்வொரு பள்ளத்தில் இறங்கி ஏறும்போதும் உள்ளே ஆறு பேரும் பல்லைக் கடித்துக்கொண்டார்கள். வழிகாட்டி அழும் நிலையில் இருந்தாள். மகிழ்ச்சி அறிக்கைக்கு நேரமாகிவிட்டது. ஆனால் சிரிக்கக் கூடிய நிலையில் எவரும் இல்லை.

"டிரைவர், இது எந்த ரோடு?" என்று மேட்ரன் அம்மா திடீரென்று கேட்டார்.

டிரைவர் சொன்னார். அம்மாவின் கைப்பையில் ஒரு விலாசம் இருந்தது. எட்டு மாதமாக இருக்கிறது. மடித்த மடிப்பில் கிழியும் நிலைக்கு வந்துவிட்டது.

"நேரா போய் இடப்பக்கம் திரும்புங்க. என் பையன் வீடு இருக்கு."

மற்ற ஐந்து பேரும் பல்லைக் கடிப்பதை மறந்து அவரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"சொல்லாமயா?" என்றார் தபால்காரர்.

"போன்ல சொல்லிட்டுப் போனா என்ன?" என்றார் அவர் மனைவி.

"மூணு தரம் அடிச்சுட்டேன். எடுக்கல."

"பிள்ளை வீட்டுக்கு, சொல்லாம கொள்ளாம, ஆறு பேரா?" என்று வானிலைக்காரர் குரல் தாழ்த்திக் கேட்டார். "மேட்ரன், இது ரொம்ப ரிஸ்க்குங்க."

அவர்தான் காலையில் சுரங்கத்துத் தகட்டைக் கையால் தட்டிப் பார்த்த ஒரே வீரர்.

குடியிருப்பின் வாசலில் காவலாளி வேனை நிறுத்தினார். கையில் ஒரு பலகை அளவு போன். நல்ல மனிதர், ஆனால் அந்தப் போன் சொல்லாததை அவரால் செய்ய முடியாது.

"யாருங்கம்மா நீங்க?"

"பதினோராவது மாடி. அவனோட அம்மா."

காவலாளி திரையை மேலும் கீழும் தள்ளினார். "பிளம்பர் இருக்கு. எலக்ட்ரீஷியன் இருக்கு. நாய்க்கு முடி வெட்டறவங்க இருக்கு. அம்மான்னு தனியா இல்லீங்களே."

"விருந்தாளின்னு போடுங்க."

"விருந்தாளின்னா முந்தின நாளே வீட்டுக்காரங்க அனுமதி நம்பர் எடுத்து அனுப்பியிருக்கணும்."

பத்து நிமிடம் ஓடியது. லிஃப்ட் ஆபரேட்டர் வேனுக்குள் கண்ணை மூடி, ஒவ்வொரு மாடியாக எண்ணிக்கொண்டிருந்தார், இருபத்தாறைத் தாண்டிவிட்டார். காவலாளிக்கு மனசு கேட்கவில்லை.

"அம்மா, தப்பா நினைக்காதீங்க. பார்சல்னு போடட்டுங்களா? அதுக்குன்னா எல்லாரும் உடனே ஓகே பண்ணிடுவாங்க."

மேட்ரன் அம்மா ஒரு கணம் யோசித்தார். "போடுங்க."

"எத்தனை பார்சல்?"

"ஆறு. கொண்டுவந்த ஆள் ஒண்ணு" என்று வழிகாட்டியைக் காட்டினார்.

"உடையக்கூடிய பொருளான்னு கேக்குது." காவலாளி வேனுக்குள் ஒருமுறை எட்டிப் பார்த்தார். யாரையும் கேட்காமல் 'ஆம்' என்று அழுத்தினார்.

மூன்று வினாடியில் அனுமதி வந்தது. தாயாக நின்று பத்து நிமிடத்தில் கிடைக்காதது, பார்சலாக நின்றதும் கிடைத்துவிட்டது. விஞ்ஞானத்தின் கருணையை என்னவென்று சொல்வது!

பதினோராவது மாடியில் மணி அடித்ததும் உள்ளேயிருந்து குரல் வந்தது. "வாசல்லயே வெச்சிட்டுப் போங்க!"

"வெச்சா விழுந்துடுவேன்டா. கதவைத் திற."

கதவு திறந்தது. மகன் மேலே சட்டையும் கோட்டும், கீழே அரைக்கால் சட்டையும் அணிந்து நின்றான். மேசை மேல் கணினி. அதில் சின்னச் சின்னக் கட்டங்களில் பன்னிரண்டு முகங்கள். சனிக்கிழமையிலும் மீட்டிங்.

"அம்மா! என்னம்மா, சொல்லாம..."

"அப்புறம் பேசலாம். பாத்ரூம் எந்தப் பக்கம்?"

சொந்த மகன் வீட்டில் அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறதே என்று அம்மாவுக்கு அந்த அவசரத்திலும் ஒரு முள் தைத்தது. அவன் கையைக் காட்டினான். காட்டிவிட்டு ஓடிப்போய்க் கணினி முன் உட்கார்ந்தான். அன்றைய மீட்டிங்கின் தலைப்பு, 'வாடிக்கையாளரின் இதயத்தை நெருங்குவது எப்படி?' அவன் நெருங்குவதைப் பற்றிப் பேசப் பேச, அவன் முதுகுக்குப் பின்னால் ஆறு பேர் வயது வரிசைப்படி நின்றுகொண்டிருந்தார்கள்.

"பின்னால யாருப்பா அது?" என்று ஒரு கட்டத்திலிருந்து மேலதிகாரி கேட்டார்.

மகன் திரும்பிப் பார்த்தான். அம்மாவும் அவனைப் பார்த்தார்.

"ஒண்ணுமில்ல சார். வீட்ல கொஞ்சம் பைப் வேலை நடக்குது."

அந்த நேரம் பார்த்துக் கழிவறைக் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்த வானிலைக்காரர், முகத்தில் அப்படியொரு தெளிவான வானத்தோடு, "ஆமா சார், முடிஞ்சது" என்றார்.

பன்னிரண்டு கட்டங்களும் சிரித்தன. மேட்ரன் அம்மாவும் சிரித்தார், கொஞ்சம் தாமதமாக. பிறகு தன் முறை வந்ததும் போய்விட்டு வந்து, கூடத்தில் உட்கார இடமில்லாததால், சாத்தியிருந்த ஓர் அறைக் கதவைத் தள்ளினார்.

உள்ளே ஒரு கட்டில் இருந்தது. மின்விசிறி இருந்தது. ஜன்னலுக்கு அருகே சின்ன மேசை. அம்மா படிக்கிற பத்திரிகையின் நாலைந்து இதழ்கள் அதன் மேல். மெத்தையை மட்டும் கடையிலிருந்து வந்த பிளாஸ்டிக் உறையோடு அப்படியே போட்டிருந்தார்கள். அதன் மேல் துணி உலர்த்தியிருந்தது. அம்மா துணிகளை மடித்து ஓரமாக வைத்துவிட்டு உட்கார்ந்தார். பிளாஸ்டிக் 'கிறீச்' என்றது.

மீட்டிங்கில் இடைவேளை விட்டதும் மகன் ஓடி வந்தான். வாசல்படியிலேயே நின்றுவிட்டான்.

"ரூம் இன்னும் ரெடி ஆகலைம்மா. அதான்..."

"என்னடா பாக்கி?"

அவன் சுற்றுமுற்றும் பார்த்தான். சுவரைப் பார்த்தான், கூரையைப் பார்த்தான். எட்டு மாதமாக என்ன பாக்கி என்று அவனையே யாரும் கேட்டதில்லை போலிருந்தது.

"கர்ட்டன்மா. கலர் சரியா அமையலை. நானும் உன் மருமகளும் ஒரு நாள் போய்ப் பார்க்கணும்னு பேசிட்டே இருந்தோம், அவளுக்கும் லீவே கிடைக்கல..."

"கண் ஆபரேஷன் ஆனதுலருந்து எனக்கு எல்லாமே கொஞ்சம் நீலமாத்தான்டா தெரியுது. எந்தக் கலர் போட்டா என்ன?"

அம்மா எழுந்து பிளாஸ்டிக் உறையின் ஓரத்தைப் பிடித்து ஒரே இழுப்பில் கிழித்தார். "ஒரு விரிப்பு எடுத்துட்டு வா. அந்த முனையைப் பிடி. அப்படியில்ல, முக்கோணமா மடிச்சு உள்ள தள்ளு." ஆஸ்பத்திரிக் கட்டில் மாதிரி, ஒரு சுருக்கம் இல்லாமல், இரண்டு பேரும் விரித்து முடித்தார்கள். கடைசி மடிப்பை மடிக்கும்போது அவன் மணிக்கட்டு கையருகே வந்தது. அம்மா பிடித்துக்கொண்டார், சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்து எண்ணினார்.

"தொண்ணூத்தாறு. உட்கார்ந்த இடத்துலயே வேலை பார்க்கறவனுக்கு எதுக்குடா இவ்வளவு ஓடுது?"

"தெரியலைம்மா" என்றான் அவன். சொன்ன விதத்தில் பத்து வயது குறைந்து போனான். "பைப் வேலைன்னு சொல்லிட்டேன். நீ கேட்டியா?"

"எனக்குக் காது நல்லாத்தான் கேக்குது."

அவன் இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தான். கணினி கூப்பிட்டது. "ரெண்டே நிமிஷம்மா" என்று போனான்.

ஐம்பது நிமிடம் கழித்து அவன் போனில் ஒரு படம் வந்து விழுந்தது: 'மகிழ்ச்சி அறிக்கை. உங்கள் அம்மா தற்போது உறங்கிக்கொண்டிருக்கிறார்.' வழிகாட்டி கடமை தவறாதவள். பக்கத்து அறையில்தான் இருந்தான் என்றாலும் விதி விதிதான். இந்த முறை அவன் எதையும் அமுக்கவில்லை. பேச்சை நடுவிலேயே விட்டுவிட்டு எழுந்து வந்து, கதவருகே நின்று, படத்தில் இருந்ததை நேரில் பார்த்தான். கணினிக்குள் பன்னிரண்டு பேர் அவன் அரைக்கால் சட்டையைப் பார்த்துத் தெளிந்தார்கள்.

கூடத்தில் மற்ற ஐந்து பேரும் டீ போட்டுக் குடித்து, டப்பாவில் இருந்த பிஸ்கட்டைக் காலி செய்து, இந்த நாளைப் போல் ஒரு நாள் வாழ்க்கையில் வந்ததில்லை என்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

நாலரை மணிக்குத் திரும்ப வேண்டும். ஆறு மணியோடு காப்பீடு முடிகிறது. மகன் எல்லோரையும் வாசல்வரை கொண்டுவந்து விட்டான். அங்கே காவலாளி தலையைச் சொறிந்துகொண்டு நின்றார்.

"சார், உள்ளே போன பார்சல் வெளியே வரணும்னா 'திருப்பி அனுப்புதல்'னு போடணும். காரணம் கேக்குது. உங்க போன்லதான் வரும்."

மகன் போனைப் பார்த்தான். மூன்று காரணங்கள் இருந்தன: பொருள் சேதம். தவறான முகவரி. தேவையில்லை.

"எதுவும் இல்லைன்னு போட முடியாதா?"

"முடியாது சார். ஒண்ணை அமுக்கினாத்தான் கேட் திறக்கும்."

அவன் விரல் அந்தரத்தில் நின்றது. பின்னால் இரண்டு கார்கள் ஹாரன் அடித்தன. மேட்ரன் அம்மா வேன் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார்.

"சேதம்னு போடுடா. அறுபத்தொம்பது வயசுக்கு அது பொய் இல்ல. மூணாவதை மட்டும் தொடாதே."

கேட் திறந்தது. வேன் நகர்ந்தபோது, "வாம்மா, மறுபடி வரணும் நீ" என்று அவன் கூடவே நாலடி நடந்து வந்து சொன்னான். என்றைக்கு என்று சொல்லவில்லை. கார்கள் வழி மறித்துவிட்டன.

செய்தி கேட்டு இயக்குநர் மகிழ்ச்சியில் துள்ளினார். அதுதான் தாம் திட்டமிட்டிருந்த 'எதிர்பாராத அனுபவம்' என்று அன்று மாலையே அறிக்கை வெளியிட்டார். இப்போது நிறுவனத்தின் பயணப் பட்டியலில் முதலிடம் பிடித்திருப்பது 'பிள்ளை வீடு: முன்னறிவிப்பின்றி' என்னும் பயணம்தான். சாகச நிலை: மிகக் கடினம். இதயக் கோளாறு உள்ளவர்கள் தவிர்க்கவும். அடுத்த மூன்று மாதத்துக்கு இடம் இல்லை. வானிலைக்காரரும் பதிவு செய்திருக்கிறார். மகளின் விலாசம் கிடைத்ததும் கிளம்புவார்.

ஒரே ஒரு சின்ன நிர்வாகச் சிக்கல். பயணம் முடிந்ததும் நிரப்பித் தரும் கருத்துப் படிவத்தில், 'இந்த இடத்துக்கு மறுபடியும் வருவீர்களா?' என்று ஒரு கேள்வி உண்டு. எதிரே இரண்டு கட்டங்கள்: ஆம், இல்லை. மேட்ரன் அம்மா இரண்டையும் விட்டுவிட்டு, நடுவே இருந்த வெற்றிடத்தில், நோயாளிக் குறிப்பேடு எழுதிப் பழகிய தெளிவான கையெழுத்தில், 'கூப்பிட்டால்' என்று எழுதிவிட்டார். அவருக்குப் பின் இந்தப் பயணம் போய் வந்தவர்களும், ஒருவரையொருவர் பார்த்தே இராதவர்கள், அதே வெற்றிடத்தில் அதே ஒரு வார்த்தையைத்தான் எழுதுகிறார்கள்.

அந்தப் பதிலைக் கணினி ஏற்பதில்லை. ஆகவே விளக்கம் கேட்டு, சீட்டு வாங்கித் தந்த பிள்ளைகளுக்கு நிறுவனம் முறைப்படி கடிதம் எழுதியிருக்கிறது. இதுவரை நாற்பத்தொரு கடிதங்கள். விலாசங்களைத் தபால்காரரே சரிபார்த்தார். ஒரு கடிதம்கூடத் திரும்பி வரவில்லை. ஒரு பதிலும் வரவில்லை. பிள்ளைகள் கடிதப் பெட்டியைத் திறந்து பார்க்க நேரமில்லாத அளவுக்கு உழைக்கிறார்கள் என்பதில் நிறுவனத்துக்கு எள்ளளவும் ஐயமில்லை.

எதற்கும் நீங்களும் கீழே இறங்கி ஒரு தடவை உங்கள் பெட்டியைப் பார்த்துவிடுங்கள்.